அடுப்படிக்கு வந்த கார்

மெக்கானிக் கடையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? புகை கக்கிக்கொண்டே ஒரு கார் வந்து நிற்கும். மெக்கானிக் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். நேரே வண்டியின் பின்பக்கம் போவார். “ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்க சார்” என்பார். சைலன்சரிலிருந்து வரும் புகையைப் பார்ப்பார். “ரிங் போயிருக்கும் போல” என்பார். இன்ஜினைத் தொடாமலே அவருக்கு எப்படித் தெரிந்தது?

அந்த வித்தையில் முக்கால்வாசி நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. வாருங்கள், அங்கே போவோம்.

அடுப்பு சரியாக எரியாவிட்டால் பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். தாளிக்கும்போது எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டால் வாணலியிலிருந்து மெல்லிய புகை எழும். இட்லிப் பானையைத் திறந்தால் குப்பென்று வெள்ளை ஆவி வரும். காரிலும் இதே மூன்றுதான்: கறுப்பு, நீலம், வெள்ளை.

கரி பிடித்த பாத்திரம்

பெட்ரோலில் இருப்பவை பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும். அது முழுசாக எரிய நிறையக் காற்று வேண்டும். எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! மொட்டை மாடியில் இருக்குமே 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதைப்போல ஒன்பது தொட்டி நிறையக் காற்று.

இந்தக் காற்று போதாவிட்டால் எரியாத கார்பன் கரித்தூளாக வெளியே வரும். கரி தன்மேல் விழும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதனால்தான் புகை கறுப்பு.

கறுப்புப் புகைக்கு மெக்கானிக் முதலில் கழற்றிப் பார்ப்பது ஏர் ஃபில்டரை. அது தூசியால் அடைத்திருந்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்தால், அடுத்த சந்தேகம் இன்ஜெக்டர் மேல். எரிபொருளைப் பூந்தூறலாகத் தெளிக்க வேண்டிய அது, அளவுக்கு மேல் ஒழுகவிடலாம். பாரம் ஏற்றிய பழைய டீசல் லாரி மலைப்பாதையில் கறுப்பாகப் புகைவதும் இதே கதைதான்: டீசல் அதிகம், காற்று குறைவு.

காய்ந்த எண்ணெய்

இன்ஜினுக்குள் எரிய வேண்டியது பெட்ரோல் மட்டுமே. இன்ஜின் ஆயிலின் வேலை வேறு. உரசும் பாகங்கள் தேயாமல் வழுக்கி ஓட அது உதவுகிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால், நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும்! அதன் இடுப்பில் ஒட்டியாணம்போல உலோக வளையங்கள் உண்டு. அவைதான் ரிங். ஆயில் மேலே ஏறாமல் அவை வழித்துவிடும். ரிங் தேய்ந்துபோனால் ஆயில் மேலேறி, பெட்ரோலோடு சேர்ந்து எரியும். “வண்டி ஆயில் குடிக்குது” என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

ஆயில் எரியும்போது வரும் புகை ஏன் நீலம்? அதில் இருப்பவை மிக மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள். அவ்வளவு சிறிய துளிகள், வெளிச்சத்தில் உள்ள மற்ற நிறங்களைவிட நீலத்தை அதிகமாகச் சிதறவிடும். வானம் நீலமாகத் தெரிவதும் இப்படித்தான். அங்கே சிதறவிடுபவை காற்றின் மூலக்கூறுகள். இதை 1871ஆம் ஆண்டு விளக்கியவர் ராலே என்ற ஆங்கிலேய அறிஞர். ஊதுபத்தி ஏற்றும்போது கவனியுங்கள். இருட்டான பின்னணியில் அதன் புகையும் நீலமாகத் தெரியும்.

இங்கே மெக்கானிக் இன்னொன்றையும் கேட்பார்: “எப்போ புகையுது?” காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், சந்தேகம் வால்வு சீல் மேல். வால்வு வழியே ஆயில் உள்ளே இறங்காமல் தடுப்பது அதுதான். ராத்திரி முழுக்க அதன் வழியே சொட்டிய ஆயில்தான் முதலில் எரிகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் ரிங். எது எரிகிறது என்று நிறம் சொல்லும். கோளாறு எங்கே என்று நேரம் சொல்லும்.

இட்லிப் பானை

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். நம்ப முடிகிறதா? பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. அதுதானே தண்ணீர்! சூடாக இருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாத நீராவி. குளிர்காற்று பட்டதும் துளிகளாக மாறும். இந்தத் துளிகள் எண்ணெய்ப் புகைத் துளிகளைவிடப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஒரேபோலச் சிதறவிடும். அதனால் மேகம்போல வெள்ளை.

சைலன்சர் சூடானதும் இந்த வெள்ளை மறைந்துவிடும். மறையாமல் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால்தான் கவலை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து ஆவியாகிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டரின் மேல்மூடி கசியாமல் அடைக்கும் தகடு. கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போகும். வெப்ப முள் ஏறும். சில வண்டிகளில் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் மேலே பீறிட்டு அடிக்கும்.

நான்காவது

கண்ணுக்கே தெரியாத ஒன்றும் சைலன்சரில் வருகிறது: கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, ஆனால் கடும் விஷம். அதனால்தான் மூடிய ஷெட்டுக்குள் காரை ஓடவிடக் கூடாது. பெட்ரோல் வண்டிக்குப் புகைப் பரிசோதனை செய்யும்போது, குழாய்க்குள் ஒரு கருவியை விட்டு இந்த வாயுவையும் அளக்கிறார்கள். டீசல் வண்டியின் புகை வழியே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு தப்பி வருகிறது என்று பார்க்கிறார்கள். வெளிச்சத்தை விழுங்கும் கரியை அளக்க வெளிச்சமே அளவுகோல்!

இப்போது நீங்கள்தான் மெக்கானிக்

மார்கழிக் காலை, ஊட்டி. ஒரு மாமா காரை ஸ்டார்ட் செய்கிறார். பின்னால் வெள்ளைப் புகை. குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மாமா பதறிப்போகிறார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் புகையே இல்லை. பல நாளாகக் கூலன்டும் குறையவில்லை.

சொல்லுங்கள், மாமாவை மெக்கானிக் கடைக்கு அனுப்புவீர்களா, சூடாக ஒரு காபி குடிக்க அனுப்புவீர்களா?