கம்ப்யூட்டர் சொன்னா கரெக்டா இருக்குமா?

ப்ராஜெக்ட் சாம்பிளை ஜி.சி.எம்.எஸ். டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு, ரிசல்ட்டுக்காகத் தவம் கிடக்கும் கெமிஸ்ட்ரி மக்களே... ஒரு நிமிஷம்! ரிப்போர்ட்டில் வரும் இருபது, முப்பது பெயர்களை அப்படியே தீசிஸில் ஒட்டப் போறீங்களா? அதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

அந்த மெஷின் என்ன பண்ணுது? முதலில் கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும். பிறகு 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களை மோதவிட்டு, மூலக்கூறை உடைக்கும். துண்டுகளின் நிறையை வைத்து ஒரு கிராஃப் போடும். காபியில் இருக்கும் காஃபீன் என்றால் 194, 109 என்ற இடங்களில் பெரிய பீக் வரும். கிட்டத்தட்ட கைரேகை மாதிரி!

இந்தக் கைரேகையை கம்ப்யூட்டர் தன் லைப்ரரியோடு ஒப்பிடும். அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. லைப்ரரியில் 3 லட்சத்துக்கும் அதிகமான சேர்மங்கள் இருக்கு. பொருத்தத்துக்கு 999-க்கு மார்க் போட்டு, பெயரை நீட்டிடும்.

இந்த ஐடியாவுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. 1965-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'டென்ட்ரல்' என்ற புரோகிராமை எழுத ஆரம்பித்தார்கள். நோபல் பரிசு வாங்கிய ஜோஷுவா லெடர்பர்க்கும், கம்ப்யூட்டர் விஞ்ஞானி எட்வர்டு ஃபைகன்பாமும் கூட்டணி. சாத்தியமான அமைப்புகளை வரிசையாகப் போட்டு, வேதியியலாளர்களின் விதிகளை வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரும். ஃபைகன்பாமுக்கு 1994-ல் டூரிங் விருது கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? நம்ம கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படித்த ராஜ் ரெட்டி!

சரி, சிக்கல் எங்கே? சைலீனை எடுத்துக்கோங்க. ஆர்த்தோ, மெட்டா, பாரா மூணுமே 91, 106-ல்தான் பீக் காட்டும். ட்ரிப்லெட்ஸ் மாதிரி அச்சு அசல்! கம்ப்யூட்டர் மூணுக்குமே நல்ல மார்க் போடும். இன்னொரு வம்பு... உங்க சேர்மம் லைப்ரரியிலேயே இல்லைன்னாலும், கிட்டத்தட்ட ஒத்துப்போற வேறொரு பெயரைக் கூச்சமே இல்லாமல் சொல்லும். நீங்க கண்டுபிடிச்ச புதுசு, பழசோட பெயரில் புதைஞ்சு போயிடும்!

அப்போ என்ன பண்ணலாம்? ஸ்டாண்டர்டு வாங்கி, அதே கண்டிஷனில் ஓட்டி, ரிடென்ஷன் டைமை ஒப்பிடுங்க. சந்தேகம் தீரலையா? கார்பன்-13 என்.எம்.ஆர். இருக்கே! பாரா சைலீனுக்கு 3 சிக்னல், ஆர்த்தோவுக்கு 4, மெட்டாவுக்கு 5. குட்டு வெளிப்பட்டுடும்!

வைவாவில் 'இது எப்படி இந்தச் சேர்மம்னு சொல்றே?' என்று எக்ஸ்டெர்னல் கேட்டால், 'கம்ப்யூட்டர் சொல்லுச்சு சார்' என்பது பதில் இல்லை. கம்ப்யூட்டர் சொல்வது சந்தேக லிஸ்ட்தான் பாஸ்... தீர்ப்பு நீங்கதான் எழுதணும்!