நைஸ் பாறையும் ஆழ்துளைக் கிணறும்

மைசூரைச் சுற்றியுள்ள வயல்களின் அடியில் பெரும்பாலும் பரவியிருப்பது நைஸ் என்னும் உருமாறிய பாறை. அதன் நடுவே எழுந்து நிற்கும் சாமுண்டி மலையோ கிரானைட்டால் ஆனது. இரண்டிலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், அப்பிரகம் ஆகிய கனிமங்களே முதன்மையானவை. ஆயினும் கண்ணால் கண்டே இவற்றை வேறுபடுத்தலாம். கிரானைட்டில் கனிமத் துகள்கள் திசை ஒழுங்கின்றிக் கலந்திருக்கும். நைஸில் வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி அமைந்திருக்கும்.

கிரானைட் போன்ற பாறைகளோ பழைய களிமண் படிவுகளோ புவியோட்டின் ஆழத்தில் அகப்படும்போது, ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசும் அதற்கு மேலுமான வெப்பம் அவற்றைத் தாக்குகிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல ஆயிரம் மடங்கு அழுத்தமும் சேர்கிறது. அந்நிலையில் அவை முழுதும் உருகிவிடாமல், திண்ம நிலையிலேயே புதிதாகப் படிகமாகின்றன. அழுத்தத்திற்குக் குறுக்காகக் கனிமங்கள் வரிசை கொள்வதால் பட்டைகள் தோன்றுகின்றன. மேலிருந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரிக்கப்பட்ட பின்னரே இப்பாறை வெளிப்படுகிறது.

தென்னிந்தியாவில் பரந்து கிடக்கும் இப்பாறைத் தொகுதிக்குத் ‘தீபகற்ப நைஸ்’ என்று 1916-இல் பெயரிட்டவர் மைசூர் அரசின் புவியியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத். பெங்களூரு லால்பாக் பூங்காவிலுள்ள நைஸ் குன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகும். அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள்.

இவ்வறிவு உழவருக்கும் கடன் வழங்கும் நமக்கும் இன்றியமையாதது. மணற்பாறை தன் நுண்துளைகளில் நீரைத் தேக்கும். நைஸில் அத்தகைய துளைகள் இல்லை எனலாம். மேலே சிதைந்த அடுக்கிலும் உள்ளேயுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவேதான் ஒரு வயலில் நீர் பெருக, அடுத்த வயலில் துளையிட்ட கிணறு வறண்டு போகிறது. ஆழம் கூடக் கூட வெடிப்புகள் பொதுவாகக் குறைந்து குறுகுவதால், இன்னும் நூறடி துளையிட்டால் நீர் நிச்சயம் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை.

ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் கோருமுன், அண்டைக் கிணறுகளில் எந்த ஆழத்தில் நீர் கிடைத்தது என்பதைக் கேட்டறிதல் நலம். நிலத்தடி நீர் வல்லுநரைக் கொண்டு மின்தடை ஆய்வும் செய்வித்தல் வேண்டும். நீர் நிறைந்த வெடிப்பு மின்சாரத்தை எளிதில் கடத்தும். திண்ணிய பாறை தடுக்கும். இவ்வாய்வு நீருக்கு உறுதியளிக்காது. இழப்பின் வாய்ப்பைக் குறைக்கும். கிணற்றில் நீர் வந்தாலும் வராவிட்டாலும் கடன் தவணை தவறாமல் வரும் என்பதை மறவாதிருப்போம்.