உங்களுக்குத் தெரியுமா? குதிரை உங்கள் மூஞ்சியைப் படிக்கும்!

குதிரை முகத்தில் அப்படி என்ன பாவனை இருந்துவிடப் போகிறது என்கிறீர்களா? மொத்தம் 17 அசைவுகள்! 2015-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலே போட்டுவிட்டார்கள். நாய்க்கு 16. நம் நெருங்கிய சொந்தமான சிம்பன்சிக்கோ வெறும் 13!

சரி, நம் மூஞ்சியை அது எப்படிப் படிக்கிறது? கோபமான மனித முகம், சிரித்த மனித முகம். இரண்டையும் பெரிய போட்டோவாக 28 குதிரைகளிடம் காட்டினார்கள். கோப முகத்தைக் கண்டதும் தலையைத் திருப்பி இடது கண்ணால் முறைப்பு! இதயமும் சட்டென்று எகிறியது!

இதையும் கேளுங்கள். காலையில் கோப போட்டோ. சில மணி நேரம் கழித்து அதே ஆள் நேரில் வந்து சும்மா நின்றார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஆனாலும் அவருக்கு அதே இடது கண் வரவேற்புதான்!

புர்ர்ர்... என்று குதிரை மூக்கால் செருமுகிறதா? பயப்படாதீர்கள், ஐயா குஷியாக இருக்கிறார்! லாயத்தில் இருப்பதைவிடப் புல்வெளியில் இந்தப் புர்ர்ர் அதிகம் கேட்கிறது என்று 2018-இல் பிரான்ஸ் நாட்டவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். என்ன பொறுமை!

ஒரே கனைப்புக்குள் இரண்டு சுருதி! மனசு எவ்வளவு பரபரக்கிறது என்பது ஒன்றில். அது சந்தோஷமா சங்கடமா என்பது இன்னொன்றில்!

குதிரைக்கு வலித்தால்? காது பின்னால் விறைக்கும். கண்ணோரம் சுருங்கும். தாடை இறுகும். இப்படி முகத்தில் 6 இடங்களைப் பார்த்தே வலிக்கு மார்க் போடலாம்!

ஸ்வீடனில் நடந்த கூத்து தெரியுமா? ஆட்கள் குதிரையை ஒரே பாதையில் 4 முறை நடத்திப் போக வேண்டும். கடைசி நடைக்கு முன்னால், “இந்த முறை குதிரைக்குப் பக்கத்தில் குடையைப் படாரென்று விரிப்போம்” என்று அவர்களிடம் மட்டும் சொன்னார்கள். ஆளுக்கு நெஞ்சு படபடத்தது. ஒன்றுமே தெரியாத குதிரைக்கும் படபடத்தது! குடை விரிந்ததா? விரியவே இல்லை!

“குளிருது, போர்வை வேணும்!” இதைக் குதிரை கேட்குமா? நார்வேயில் கேட்டது! மூன்று பலகைகள். படுக்கைக் கோடு என்றால் போர்த்து. செங்குத்துக் கோடு என்றால் கழற்று. வெறும் பலகை என்றால் அப்படியே விடு. வேண்டியதை மூக்கால் தொட்டால் போதும். குளிர் மழையில் ‘போர்த்து’, இதமான வெயிலில் ‘கழற்று’! 23 குதிரைகள் பழகின. 23-ம் பாஸ்! இரண்டே வாரத்தில்!

கடைசியாக நம்ம ஃபேவரிட். 1904-இல் பெர்லினையே கிறங்கடித்த ‘கெட்டிக்கார ஹான்ஸ்’ என்ற குதிரை! கூட்டல் கணக்குக் கொடுத்தால் குளம்பால் தட்டி விடை சொல்லும். நிஜத்தில் அதற்குக் கணக்கு தெரியாது! சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை துளியூண்டு அசையும். அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடும்! குட்டை உடைத்தவர் உளவியலாளர் ஆஸ்கர் ஃபங்ஸ்ட். உடைத்த பிறகு அவரே ஹான்ஸ் முன்னால் நின்று, தலையை அசைக்காமல் இருந்து பார்த்தார். முடியவில்லை!