மென்பொருள் ஆவணப்படுத்தல்: இசை மென்பொருளும் செயற்கை நுண்ணறிவு முகவரும்

அறிமுகம்

ஒரு மென்பொருளின் உள்ளீடு, வெளியீடு, கட்டளைகள், கட்டுப்பாடுகள் என்பவற்றை எழுத்தில் விளக்கி வைத்தல் ஆவணப்படுத்தல் எனப்படும். நீண்டகாலமாக இக்கையேடுகளை மனிதரே வாசித்தனர். இன்று செயற்கை நுண்ணறிவு முகவரும் வாசிக்கின்றது. ஆகவே எழுதும் முறையிலும் மாற்றம் தேவைப்படுகின்றது. இதனை லிலிபொண்ட் என்னும் இசை மென்பொருளைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. முகவர் என்பது யாது?

ஓர் இலக்கைக் கொடுத்தால் அதனைப் படிகளாகப் பிரித்து, வேண்டிய மென்பொருள்களை இயக்கி, கிடைத்த பெறுபேற்றைப் பார்த்து அடுத்த படியைத் தானே தீர்மானிக்கும் தொகுதி முகவர் எனப்படும். வினாவுக்கு விடை கூறுவதுடன் இது நின்றுவிடுவதில்லை. வேலையையும் செய்து முடிக்கும்.

2. லிலிபொண்ட்

ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சன் ஆகிய நெதர்லாந்து நாட்டவர் இருவர் 1996 இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இதுவாகும். இதில் சுரக்குறிகளைச் சுட்டியால் இழுத்து வைப்பதில்லை. சுரங்களை எழுத்துக்களாகத் தட்டச்சுச் செய்து, கோப்பாகச் சேமித்து இயக்கினால் அச்சிடத்தக்க இசைத்தாள் கிடைக்கும். உள்ளீடு முழுவதும் எழுத்தாக இருப்பதால் முகவர் இதனை இலகுவாகக் கையாளும்.

3. பிழைச்செய்தி வராத பிழை

மேலைத்தேய சங்கீதத்தில் டி மேஜர் என்றால் எஃப், சி ஆகிய இரண்டும் ஷார்ப் ஆகும். தாளின் தொடக்கத்திலுள்ள கீ சிக்னேச்சரைக் கண்டவர், அடுத்து வரும் எஃப் ஒவ்வொன்றையும் எஃப் ஷார்ப் ஆகவே வாசிப்பார். லிலிபொண்டுக்கு எழுதும்போது அவ்வாறன்று. கீ சிக்னேச்சரைக் குறிப்பிட்டிருந்தாலும், 'எஃப்' என எழுதினால் வெறும் எஃப் மட்டுமே கிடைக்கும். ஷார்ப் வேண்டுமெனில் டச்சு வழக்கப்படி 'ஃபிஸ்' என்றே எழுத வேண்டும்.

இதன் விளைவைக் கர்நாடக சங்கீதத்தில் பாருங்கள். டி என்பதைச் சட்ஜமாகக் கொண்டால், டி மேஜரின் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களாகும். இரு ஷார்ப்களும் விடுபட்டால் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகும். காகலி நிஷாதம் கைசிகி நிஷாதமாகும். கிடைப்பதோ கரகரப்பிரியாவின் சுரங்கள்! இராகமே மாறிவிட்டது. ஆயினும் கட்டளையின் இலக்கணம் சரியாக இருப்பதால் மென்பொருள் பிழைச்செய்தி எதனையும் தராது.

மனிதர் வாசித்துக் கேட்டால் காது காட்டிக்கொடுத்துவிடும். முகவரோ பெரும்பாலும் மென்பொருள் திருப்பித் தரும் எழுத்துச் செய்தியை மட்டுமே பார்க்கின்றது. பிழைச்செய்தி இல்லையெனில் வேலை முடிந்ததாக அறிவித்துவிடும். அத்தாளை நம்பிப் பயிலும் மாணவரே ஈற்றில் பாதிக்கப்படுவார்.

4. முகவருக்கான ஆவணத்தில் இடம்பெற வேண்டியவை

(அ) மறைந்துள்ள விதிகள்: "கீ சிக்னேச்சர் சுரத்தை மாற்றாது, ஷார்ப் ஒவ்வொன்றையும் எழுதுக" என்பது போல வெளிப்படையாகக் கூறுதல்.

(ஆ) குறியீடுகளின் பொருள்: 'சி' எனத் தனியே எழுதினால் அது நடு சி அன்று, ஒரு ஸ்தாயி கீழானது. நடு சிக்கு எழுத்தின் பின் ஒற்றை மேற்கோட்குறி ஒன்று இடவேண்டும். 'ரிலேட்டிவ்' கட்டளையைப் பயன்படுத்தினால் இவ்விதி மாறும் என்பதும் கூறப்பட வேண்டும்.

(இ) வெளியீடு: ஒலிப்பதற்கான மிடி கோப்பும் தேவையெனில் 'மிடி' பகுதியைச் சேர்க்க வேண்டும். அதனை மட்டும் சேர்த்தால் இசைத்தாள் வராது; 'லேஅவுட்' பகுதியும் வேண்டும்.

(ஈ) சரிபார்க்கும் வழி: ஒவ்வொரு பாரின் முடிவிலும் நிலைக்குத்துக் கோடு இட்டால், கால அளவு பிழைத்த இடத்தில் எச்சரிக்கை வரும். சுரப் பிழையை இது காட்டாது. அதற்கு மிடி எண்களைப் பார்க்க வேண்டும். நடு சியின் எண் 60. அதற்கு மேலுள்ள எஃப் 65, எஃப் ஷார்ப் 66. கேட்டறிய முடியாத முகவர் எண்ணைப் பார்த்துச் சோதிக்கலாம்.

(உ) பதிப்பு: எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதைக் குறிப்பிடுதல்.

இத்தகைய குறிப்புகளை 'ஏஜென்ட்ஸ்' எனப் பெயரிட்ட எளிய எழுத்துக் கோப்பில் வைக்கும் வழக்கம் 2025 இல் பரவியது.

கவனிக்க: விடையளிக்கும்போது "தெளிவாக எழுத வேண்டும்" எனப் பொதுப்படையாகக் கூறி நிறுத்தாதீர்கள். எந்த விதி மறைந்திருந்தது, அதனால் என்ன பிழை நேர்ந்தது, அதனை எவ்வாறு கண்டறியலாம் என மூன்றையும் எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஆவணப்படுத்தல் என்பது யாது?
2. பிழைச்செய்தி வராமை, பெறுபேறு சரியானது என்பதற்குப் போதிய சான்றாகாது. உதாரணம் தந்து விளக்குக.
3. நடு சியின் மிடி எண் 60 ஆகும். ஓர் அரைச்சுரத்துக்கு எண் 1 ஆல் கூடுமெனில், அதற்கு மேலுள்ள முதலாவது சி ஷார்ப்பின் எண் யாது? (விடை: 61)
4. நீங்கள் நன்கு அறிந்த ஒரு மென்பொருளை முகவர் பயன்படுத்துவதற்கு வேண்டிய ஐந்து குறிப்புகளை எழுதுக.