பாறை அடுக்குகளில் கோள்களின் கணக்கு

பூமி சூரியனைச் சுற்றும் பாதை என்றும் ஒரே வடிவில் இருப்பதில்லை. பிற கோள்களின் ஈர்ப்பினால் அது சிறிது நீண்டும், பின்னர் ஏறத்தாழ வட்டமாகியும் மாறுகிறது. பூமியின் அச்சும், ஓயப்போகும் பம்பரத்தைப் போல மெல்லத் தலை சுற்றுகிறது. இவ்விரு அசைவுகளும் சேர்ந்து, பருவந்தோறும் ஒரு நிலப்பகுதி பெறும் வெயிலைக் கூட்டியும் குறைத்தும் வருகின்றன. இம்மாறுதல்களைச் செர்பிய அறிஞர் மிலாங்கோவிச் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விரிவாகக் கணித்தார்.

கணக்கு உண்மையாயின் அதன் சுவடு நிலத்தில் இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியை ஒட்டிய நியூவார்க் படுகை இதற்குச் சிறந்த சான்று. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அது வெப்ப மண்டலத்தில் ஏரிகள் நிறைந்த பள்ளமாக இருந்தது. மழை மிகுந்த காலத்தில் ஏரி ஆழமாயிற்று; அடியில் கரிய சேறு தாள் தாளாகப் படிந்து, மீன்களின் எச்சங்களைக் கெடாது காத்தது. மழை குன்றியபோது ஏரி வற்றிற்று; செஞ்சேறு வெயிலில் வெடித்தது; அவ்வெடிப்புகளும் விலங்குகளின் அடிச்சுவடுகளும் கல்லாக நிலைத்தன. கருமையும் செம்மையும் மாறி மாறி வரும் இம்முறையை வான் ஹூட்டன் 1960-களில் ஆராய்ந்து, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் எனக் கண்டார். 1990-களில் ஆல்சன், கென்ட் முதலியோர் ஆழத் துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளில், ஈரத்துக்கும் வறட்சிக்கும் உள்ள வேறுபாடே 4,05,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மிகுந்து தணிவது புலனாயிற்று. வெள்ளியும் வியாழனும் பூமியின் பாதையை ஈர்ப்பதால் எழும் சுற்று இது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. அடுக்கின் தடிப்பு காலத்தின் அளவன்று. சேறு விரைந்தும் படியும், தாழ்ந்தும் படியும். கோள்களின் பாதைகளைக் கணக்கினால் மட்டும் சில கோடி ஆண்டுகளுக்கு அப்பால் முழுமையாகப் பின்தொடரவும் இயலாது. எனவே வேறொரு சாட்சி தேவையாயிற்று. அரிசோனாவின் கல்மரக் காட்டில், எரிமலைப் பொருள்களோடு படிந்த சிர்க்கான் படிகங்கள் கிடைத்தன. அவற்றிலுள்ள யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு பாறையின் வயது கணிக்கப்பட்டது. பூமியின் காந்தமுனைகள் இடம் மாறிய குறிகள் இவ்விரு இடத்துப் பாறைகளிலும் உள்ளன. அவற்றைப் பொருத்தி, அவ்வயது நியூவார்க் அடுக்குகளுக்கும் அறியப்பட்டது. 21.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னரும் அதே 4,05,000 ஆண்டுச் சுற்று மாறாதிருந்தமை 2018-இல் இவ்வாறு உறுதியாயிற்று.

களப் பணியாளர் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அடுக்குகள் மாறி மாறி வருவதைக் கண்டவுடன் கோள்களின் செயல் என முடிவு கட்டலாகாது. வெள்ளமும் ஆறு தடம் மாறுதலும் அத்தகைய அடுக்குகளை உண்டாக்கும். நிறம், தடிப்பு, வெடிப்பு, எச்சம் ஆகியவற்றைக் கீழிருந்து மேலாக ஒன்றும் விடாது குறித்தலே முதற்பணி. ஆசிரியர்கள் கோடையில் வற்றிய குளத்தின் வெடித்த சேற்றை மாணவர்க்குக் காட்டலாம். செம்பாறையின் வெடிப்பு எவ்வாறு உண்டாயிற்று என்பது அவர்க்கு எளிதில் விளங்கும்.