சுவிட்ச் எல்லாம் நிஜம், ரேடார் மட்டும் யூகம்

போர் விமான சிமுலேட்டர் ஆடுகிறவர்களிடம் தப்பித்தவறி "இதுவும் ஒரு வீடியோ கேம்தானே?" என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்துவிடுவார்கள். "கேமா? காக்பிட்ல இருக்கிற ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்யும் தெரியுமா? ஓடுதளத்துக்குப் போறதுக்கே பத்து நிமிஷம் ஆகும்" என்று ஆரம்பித்து ஹைட்ராலிக்ஸ், ரேடார், ஏவுகணை என்று போய்க்கொண்டே இருக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

சரி, இந்த சிமுலேட்டர்கள் உண்மையிலேயே எவ்வளவு நிஜம்? இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. ஒரே விமானத்துக்குள்ளேயே சில பாகங்கள் அச்சு அசலாக இருக்கும், சில பாகங்கள் குத்துமதிப்பாக இருக்கும். இதில் வேடிக்கை என்னன்னா, நிஜச் சண்டையில் வெற்றி தோல்வியை எது தீர்மானிக்கிறதோ, அதுதான் குத்துமதிப்பாக இருக்கிறது!

முதலில் அச்சு அசலாக இருப்பதைப் பார்த்துவிடலாம்.

சுவிட்ச் சமாச்சாரம்

இந்த உலகத்தில் இரண்டு பெரிய தலைகள். ஒன்று, 1998 டிசம்பரில் மைக்ரோபுரோஸ் வெளியிட்ட ஃபால்கன் 4.0. வந்தபோது அதில் ஏகப்பட்ட ஓட்டைகள். 2000-ல் அதன் மூல நிரல் வெளியே கசிந்தது. ரசிகர்கள் அதை எடுத்து வருஷக்கணக்கில் தட்டிக்கொட்டிச் சரி செய்தார்கள். அதில் வந்ததுதான் இன்றைக்கும் பலர் ஆடும் ஃபால்கன் பிஎம்எஸ். இன்னொன்று, ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் டிசிஎஸ். அதன் ஏ-10சி விமானம், அமெரிக்க ஏர் நேஷனல் கார்டுக்காகச் செய்த பயிற்சி மென்பொருளிலிருந்து பிறந்து 2011-ல் பொதுமக்கள் கைக்கு வந்தது. கூட வரும் கையேடு மட்டும் 600 பக்கத்துக்கு மேல். செமஸ்டர் பாடப்புத்தகத்தைக்கூட யாரும் இவ்வளவு சிரத்தையாகப் படித்திருக்க மாட்டார்கள் :-)

எஃப்-16 இன்ஜினை எழுப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். சாவி போட்டுத் திருகுகிற வேலை இல்லை. பெரிய இன்ஜினைச் சுழற்றிவிட ஒரு குட்டி இன்ஜின் உண்டு. அந்தக் குட்டியைக் கிளப்ப, அழுத்தத்தைச் சேமித்து வைத்த இரண்டு ஹைட்ராலிக் கலன்கள் உண்டு. சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் ஒரு கலன் செலவாகும், இன்னொரு பக்கம் தள்ளினால் இரண்டும் செலவாகும். பெரிய இன்ஜின் 20 சதவீத வேகத்துக்கு வந்த பிறகுதான் த்ராட்டிலை முன்னே தள்ளி எரிபொருள் விட வேண்டும். வெப்பமானியில் ஒரு கண் இருக்க வேண்டும். இதெல்லாம் சிமுலேட்டரிலும் இதே வரிசையில்தான்.

அடுத்தது ஐஎன்எஸ் என்கிற வழிகாட்டிக் கருவி. 'நான் எங்கே கிளம்பினேன், அதற்கப்புறம் எந்தப் பக்கம் எவ்வளவு முடுக்கம்' என்று கூட்டிக் கூட்டியே இப்போது எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கும் பெட்டி. கிளம்புவதற்கு முன் தரையில் அசையாமல் நின்று எது கீழே, எது வடக்கு என்று அது தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? பூமி சுற்றுவதையே உணர்ந்து! எஃப்-16-ல் இதற்கு ஏறக்குறைய எட்டு நிமிடம். பொறுமையில்லாமல் நடுவில் விமானத்தை நகர்த்தினால் கணக்கு தப்பிவிடும். அப்புறம் முன்னால் கண்ணாடியில் தெரியும் குறி ஒரு பக்கம், போட்ட குண்டு இன்னொரு பக்கம். ஜிபிஎஸ் உதவி இல்லாவிட்டால் சரியாக உட்கார்ந்த ஐஎன்எஸ் கூட மணிக்கு ஒரு கடல் மைல் அளவுக்கு நழுவும். நல்ல சிமுலேட்டர்கள் இந்த நழுவலைக்கூட விட்டுவைப்பதில்லை. இந்த விஷயத்தில் சும்மா சொல்லக்கூடாது, கில்லி!

பறக்கிற விதம்

இதுவும் கிட்டத்தட்ட நிஜம்தான், கையில் வரும் உணர்வைத் தவிர.

எஃப்-16-ன் வடிவமைப்பே வேண்டுமென்றே நிலையில்லாதது. விட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு கவிழப் பார்க்கும். கம்ப்யூட்டர் ஓயாமல் வாலைத் திருத்திக்கொண்டே இருப்பதால்தான் நேராகப் பறக்கிறது. நிலையில்லாத வண்டி சீக்கிரம் திரும்பும், அதற்காகத்தான் இந்த விஷப்பரீட்சை. இதன் காற்றியல் எண்களை நாசா 1979-லேயே ஒரு தொழில்நுட்ப அறிக்கையாகப் பொதுவில் வெளியிட்டுவிட்டது. காற்றுச் சுரங்கத்தில் மாதிரி விமானத்தை வைத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு தூக்குவிசை, எவ்வளவு இழுவிசை என்று அட்டவணை அட்டவணையாக. கண்ட்ரோல் பாடம் எடுத்த பொறியியல் மாணவர்களில் பலர் அந்த அட்டவணையின் சுருக்கத்தை ஹோம்வொர்க்கில் பார்த்திருப்பீர்கள். அதனால் திரும்பும் வேகம், மேலேறும் வேகம் எல்லாம் சிமுலேட்டரில் நம்பும்படியாகவே இருக்கும்.

ஆனால் கை? எஃப்-16-ன் ஸ்டிக் வலது பக்கம் இருக்கும். ஆரம்பத்தில் அது அசையவே அசையாது, கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளக்கும். பிறகுதான் துளியூண்டு அசைய விட்டார்கள். இந்த அழுத்தத்துக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது சின்ன விஷயம் இல்லை. 1974 ஜனவரி 20 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் ஒய்எஃப்-16 வெறும் ஓட்டச் சோதனைக்காகத்தான் ஓடுதளத்தில் வேகம் எடுத்தது. அன்றைக்குப் பறக்கும் திட்டமே இல்லை. பக்கவாட்டுக் கட்டுப்பாடு அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்ததால் விமானம் இப்படியும் அப்படியும் ஆட, வால் தரையில் உரச, விமானி ஃபில் ஓஸ்ட்ரிகர் 'இதற்கு மேல் தரையில் இருப்பதுதான் ஆபத்து' என்று மேலே தூக்கிவிட்டார். ஆறு நிமிடம் பறந்து பத்திரமாக இறக்கினார். எஃப்-16-ன் முதல் பறத்தலே இப்படி ஒரு விபத்துதான்!

நம்ம மேஜை மேல் இருக்கும் ஸ்ப்ரிங் வைத்த ஜாய்ஸ்டிக்கில் இந்த நுணுக்கம் வராது. 9ஜி திருப்பத்தில் நிஜ விமானியின் தலையும் ஹெல்மெட்டும் ஒன்பது மடங்கு கனக்கும். நமக்கு? திரையின் ஓரம் கறுக்கும், ஸ்பீக்கரில் மூச்சு வாங்கும் சத்தம் வரும். காபியைக் குடித்துக்கொண்டே அடுத்த திருப்பம்.

இனிமேல்தான் மேட்டரே

நவீன வான்சண்டை என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நடப்பது. அங்கே யார் யாரை முதலில் பார்க்கிறார்கள், யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அதாவது ரேடார், எச்சரிக்கைக் கருவி, ஜாமர், ஏவுகணையின் மூளை.

ரேடாரின் அடிப்படை இயற்பியல் ரகசியம் இல்லை. கீழே பறக்கும் விமானத்தை மேலிருந்து பார்த்தால் பின்னால் இருக்கும் தரையும் சேர்ந்து எதிரொலிக்கும். ரயில் நெருங்கும்போது ஹாரன் சத்தம் ஒரு மாதிரியும், தாண்டிப்போகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதல்லவா, அதே டாப்ளர் வித்தியாசத்தை வைத்துத்தான் ரேடார் தரையைக் கழித்துவிட்டு விமானத்தை மட்டும் எடுக்கிறது. எதிரி சட்டென்று குறுக்கே திரும்பி, நம்மை நெருங்கவும் செய்யாமல் விலகவும் செய்யாமல் பறந்தால், தரைக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். தரையோடு சேர்த்து அவனையும் கழித்துவிடும். இந்தத் தந்திரத்துக்குப் பெயர் 'நாட்ச்'.

இதுவரை சரி. ஆனால் அந்த வடிகட்டி எவ்வளவு அகலம்? தொலைந்த இலக்கு எங்கே போயிருக்கும் என்று ரேடார் எத்தனை விநாடி யூகித்துக்கொண்டிருக்கும்? ஏவுகணை தானாக மறுபடி தேடுமா? இந்த எண்களை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். சிமுலேட்டர் செய்கிறவர் ஏதோ ஒரு எண்ணைப் போட்டே ஆக வேண்டும். ரொம்ப நாள் ஆடியவர்கள் அந்த எண்ணை மனப்பாடம் செய்துவிடுவார்கள். "இத்தனை டிகிரி திரும்பி, இவ்வளவு கீழே இறங்கினா மிஸ்ஸைல் கண்டிப்பா விட்டுடும்" என்று சூத்திரம் சொல்வார்கள். அது ரேடாரைப் பற்றிய அறிவு இல்லை. நிரல் எழுதியவரின் யூகத்தைப் பற்றிய அறிவு.

எச்சரிக்கைக் கருவியும் அப்படித்தான். எதிரி ரேடார் நம்மேல் பட்டால் காதில் பீப் அடித்து, திரையில் அது எந்த ரேடார் என்று காட்டும். நிஜத்தில் அது உள்ளே இருக்கும் ஒரு அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்வது. பட்டியல் பழசாக இருந்தாலோ, எதிரி தன் அலையை மாற்றிவிட்டாலோ தப்பாகச் சொல்லும், சொல்லாமலும் விடும். சிமுலேட்டரில் இது பெரும்பாலும் அரிச்சந்திரன் மாதிரி உண்மை மட்டுமே பேசும்.

ஜாமர் கதை இன்னும் மோசம். எதிரியின் ரேடார் துடிப்பைப் பதிவு செய்து, கொஞ்சம் மாற்றி, திருப்பி அனுப்பி இல்லாத விமானத்தை இருப்பதாகக் காட்டும் கருவிகள் எப்போதோ வந்துவிட்டன. பல சிமுலேட்டர்களில் ஜாமர் என்றால் இன்னமும் 'திரையில் ஒரு கோடு தெரியும், கிட்டே வந்தால் கோடு போய் விமானம் தெரியும்' அவ்வளவுதான்.

ஏன் இப்படி?

சோம்பேறித்தனம் இல்லை. காகிதம் இல்லை, அதனால்தான். எஃப்-14-ஐ அமெரிக்கக் கடற்படை 2006-ல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது, அதன் கையேடுகளும் பொதுவில் கிடைக்கின்றன. 2019-ல் ஹீட்பிளர் செய்த எஃப்-14 அதனால்தான் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. விமானம் கிழடாக ஆக, சிமுலேஷன் இளமையாகும்!

காகிதத்தைத் தேடிப் போனவர்கள் பட்டபாடும் உண்டு. சிமுலேட்டர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ரஷ்யர் ஒருவர், ஈபே-யில் எஃப்-16 கையேடுகளை வாங்கினார் என்று 2016-ல் அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டு, ஜார்ஜியா நாட்டில் பிடிபட்டு, 2019-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏற்கெனவே உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்து வெளியே வந்தார். இன்னொரு பக்கம் வார் தண்டர் ஆடுகிறவர்கள். 'எங்க வண்டியைத் தப்பா செஞ்சிருக்கீங்க' என்று வாதாடி ஜெயிப்பதற்காக, வெளியிடக்கூடாத ஆவணங்களையே எடுத்துப் போட்ட சம்பவங்கள் 2021-லிருந்து பல தடவை நடந்தன. 2023 ஜனவரியில் எஃப்-16, எஃப்-15ஈ பக்கங்களும் அப்படி வந்தன. நிறுவனமே அவற்றை அழித்தது.

இந்த நிலைமையில் 2025 ஜனவரியில் டிசிஎஸ், எஃப்-35 செய்யப்போவதாக அறிவித்தது. பொதுவில் கிடைக்கும் தகவலை வைத்து என்றார்கள். ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. எஃப்-35-ன் விசேஷமே அதன் சென்சார்களும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் கம்ப்யூட்டரும்தான். அதுதான் முழுசாகப் பூட்டி வைத்திருக்கும் பகுதி. அதாவது பூட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வீட்டுக்குள்ளே எந்த நாற்காலி எங்கே என்று வரைகிற வேலை.

நமக்கென்ன?

"கேம்தானே, விட்டுத்தள்ளு" என்று சொல்லலாம். ஆனால் விஷயம் அங்கே நிற்பதில்லை. 2022 பிப்ரவரியில் 'கீவ் நகரத்தின் பேய்' என்று உலகமெல்லாம் சுற்றிய வான்சண்டை வீடியோ டிசிஎஸ்-ல் எடுத்தது. 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது ஆர்மா 3 காட்சிகள் நிஜப் போர்க் காட்சிகளாக வலம் வந்தன. படத்தையாவது சரிபார்த்துவிடலாம். "நான் சிமுலேட்டர்ல பத்து தடவை ஓட்டிப் பார்த்தேன், இந்த விமானம்தான் ஜெயிக்குது" என்று வரும் முடிவுகளை எப்படிச் சரிபார்ப்பது? அங்கே ஜெயித்தது விமானமா, யாரோ போட்ட எண்ணா?

விஷயம் தெரிந்தவர்களுக்கே இந்தச் சிக்கல் உண்டு. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்பா நடத்திய போட்டியில், ஹெரான் சிஸ்டம்ஸ் செய்த செயற்கை நுண்ணறிவு ஒரு அனுபவமுள்ள எஃப்-16 விமானியை 5-0 என்று சிமுலேட்டரில் தோற்கடித்தது. தலைப்புச் செய்தியானது. ஆனால் எதிரி எங்கே இருக்கிறான், எந்த வேகம், எந்தக் கோணம் எல்லாமே அந்த நிரலுக்குத் துல்லியமாகத் தெரியும். நிஜத்தில் யாருக்கும் கிடைக்காத வரம் அது. பயிற்சியில் விமானிகளுக்குத் தடை செய்யப்பட்ட, நேருக்கு நேர் பாய்ந்து சுடும் வித்தையையும் அது தாராளமாகப் பயன்படுத்தியது. அதில் கற்றதை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எக்ஸ்-62ஏ என்ற நிஜ விமானத்தில் 2022 டிசம்பரில் நுண்ணறிவு நிரல்களைப் பறக்கவிட்டார்கள், 2023-ல் மனிதர் ஓட்டிய எஃப்-16-க்கு எதிராகவும் பறக்கவிட்டார்கள். சிமுலேட்டரில் ஜெயித்துவிட்டது என்று அங்கேயே முடித்துக்கொள்ளவில்லை பாருங்கள், அதுதான் சரியான மரியாதை.

என்னைக் கேட்டால், ஒரு சிமுலேட்டரை எடைபோட சுவிட்சுகளை எண்ண வேண்டாம். அதன் கருவிகள் எப்போதாவது பொய் சொல்கின்றனவா, தடுமாறுகின்றனவா என்று பாருங்கள். ஐஎன்எஸ் நழுவுகிறதா? ரேடார் இல்லாததைக் காட்டி, இருப்பதை விட்டுவிடுகிறதா? ஒரே மாதிரி ஏவிய இரண்டு ஏவுகணைகள் வேறு வேறு மாதிரி போகின்றனவா? உள்ளே இருக்கும் சரியான எண் நமக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் நிஜ விமானிக்கும் எதிரியின் எண் தெரியாது, அந்தத் தெரியாமையோடுதான் அவர் பறக்கிறார். அதைக் கொடுக்கும் சிமுலேட்டர் நூறு சுவிட்ச் குறைந்தாலும் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாமே தெளிவாகத் தெரிந்தால், எத்தனை சுவிட்ச் இருந்தாலும் அது சதுரங்கப் பலகைதான்.

அதற்காக ஆடுவதை விட்டுவிடப் போகிறோமா என்ன? இன்ஜினும் ஐஎன்எஸ்ஸும் டாப்ளரும் இப்படி வேலை செய்கின்றன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. எந்த நாடு எந்த நாட்டை ஜெயிக்கும் என்று மட்டும் இந்த வாத்தியாரிடம் ஜோசியம் கேட்காதீர்கள்.

சரி மக்களே, எட்டு நிமிடம் முடிந்திருக்கும். ஐஎன்எஸ் தயார். நான் கிளம்புகிறேன் :-)