திட்டம் யார் வாசல் வரை வருகிறது? தாய்–சேய் நலமும் செயலாக்க ஆய்வும்

பிரசவத்தின்போது தாயையும் பிறந்த குழந்தையையும் காப்பதற்கான வழிகளை மருத்துவம் பல்லாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்துவிட்டது. குழந்தையின் உடலைத் துடைத்துக் கதகதப்பாக வைத்தல், தூய்மையான கருவியால் தொப்புள்கொடியை அறுத்தல், முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டல், உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி ஆகிய எவற்றிலும் புதிர் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. இருந்தும் சாவுகள் தொடர்கின்றன. அறிந்த தீர்வு உரியவரை ஏன் சென்றடையவில்லை என்பதை முறையாக ஆராய்வதே செயலாக்க ஆய்வு. ஒரு மருந்து வேலை செய்கிறதா என மருத்துவ ஆய்வு கேட்கிறது. அம்மருந்து யார் கையால், எந்தத் தெருவுக்கு, எவ்வளவு காலம் தவறாமல் போய்ச் சேர்கிறது எனச் செயலாக்க ஆய்வு கேட்கிறது. தெருக்களைச் சாதி பிரித்து வைத்திருக்கும் நாட்டில் இது நம்முடைய கேள்வியும்கூட.

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2004இல் வெளியாயின. உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதந்தோறும் பெண்களைக் கூட்டி, பிரசவத்தில் நேரும் இடர்களைப் பேசவைத்தார். தீர்வுகளை அப்பெண்களே வகுத்தனர். குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பிறந்த 28 நாட்களுக்குள் நேரும் பச்சிளங்குழந்தை இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இதே வழிமுறையை ‘ஏக்ஜுட்’ அமைப்பு 2005 முதல் 2008 வரை ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடியினர் மிகுந்த மூன்று மாவட்டங்களில் செயல்படுத்தியது. மூன்றாண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 விழுக்காடு குறைந்தது.

அதே காலத்தில் வங்கதேசத்திலும் இவ்வழிமுறை சோதிக்கப்பட்டது. அங்கே குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை. திட்டமே பயனற்றது என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆய்வாளர்கள் அதைச் செய்யாமல், செயலாக்கத்தில் என்ன வேறுபாடு என்று தேடினர். ஜார்க்கண்ட்–ஒடிசா பகுதியில் ஏறத்தாழ 468 பேருக்கு ஒரு குழு இருந்தது. வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒரு குழு. பெரும்பாலான கர்ப்பிணிகளைக் குழு எட்டவே இல்லை. பின்னர் ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு குழு என அடர்த்தியைக் கூட்டியபோது, அதே வங்கதேசத்தில் இறப்பு 38 விழுக்காடு குறைந்தது. இந்தியா, நேபாளம், வங்கதேசம், மலாவி ஆகிய நாடுகளின் ஏழு ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2013இல் வெளியான தொகுப்பாய்வும் இதையே உறுதிசெய்தது: கர்ப்பிணிகளில் குறைந்தது 30 விழுக்காட்டினர் பங்கேற்ற இடங்களில் பலன் மிகுதி. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இவ்வழிமுறையைப் பரிந்துரைத்தது.

உத்தரப்பிரதேசம் வேறொரு பாடத்தைத் தந்தது. பாதுகாப்பான பிரசவத்திற்கான சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்த 2014 முதல் 2016 வரை அங்குள்ள சுகாதார நிலையங்களில் ஊழியர்களுக்குப் பயிற்சியளிக்கப்பட்டது. 120 நிலையங்களில் நடந்த இவ்வாய்வில், பயிற்சி பெற்ற இடங்களில் சரியான நடைமுறைகள் கூடின. ஆனால் தாய்–சேய் இறப்பிலும் கடும் பாதிப்பிலும் வேறுபாடு தென்படவில்லை. பட்டியலில் குறியிடுவதால் மட்டும் உயிர் பிழைப்பதில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்டதே அவ்வாய்வின் நேர்மை.

நம்மைப் பொறுத்தவரை முதன்மையான கண்டுபிடிப்பு வேறொன்று. ஏக்ஜுட் ஆய்வின் தரவுகளைச் சமூக நிலைவாரியாகப் பிரித்து ஆராய்ந்தபோது, இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மிகவும் விளிம்புநிலையில் இருந்த குடும்பங்களில் இறப்பு 59 விழுக்காடும், மற்றவற்றில் 36 விழுக்காடும் குறைந்திருந்தது. பொதுவாக அரசின் நலத்திட்டம் வசதியுள்ளவரை முதலில் அடைந்து, மிச்சமே கடைசித் தெருவுக்கு வரும். கடைசித் தெருவிலேயே கூட்டம் நடந்தால் வரிசை மாறும் என்பதற்கு இது சான்று. பிரித்துப் பார்த்திராவிட்டால் 32 என்னும் சராசரி இவ்வுண்மையை விழுங்கியிருக்கும். சராசரி நம்மை உயர்த்தியும் காட்டும், ஒளித்தும் வைக்கும்.

சட்டத்தின் எல்லையும் இங்கே புலப்படுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குள்ளும் நுழைவதைத் தடுப்பது குற்றம். பேறுகாலப் பராமரிப்பு அரசியலமைப்பின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. வாசலில் தடுத்து நிறுத்தியவர்மீது நாம் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் செவிலியர் நம் குடியிருப்புக்கு மட்டும் வராமல் போவதும், கூட்டம் ஊர்த்தெருவிலேயே முடிந்துவிடுவதும் ஓசையற்ற விலக்கல்கள். அவற்றில் குற்றவாளியின் பெயர் இராது. தரவு மட்டுமே சாட்சி சொல்லும்.

ஆகவே அச்சாட்சியைத் திரட்டுவது நம் பணி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை: எத்தனை பேருக்கு ஒரு சுகாதார ஊழியர்? பேறுகால வருகைகள் எந்தெந்தக் குடியிருப்புகளில் பதிவாகியுள்ளன? தாய் இறப்புத் தணிக்கையில் சாதிவாரி விவரம் உண்டா? ஆஷா பணியாளர்களின் உரிமையையும் இதனுடன் சேர்த்தே பேச வேண்டும். அவர்கள் வழியாக நடத்தப்பட்ட மகளிர் குழுக்கள் ஜார்க்கண்ட், ஒடிசாவின் ஐந்து மாவட்டங்களில் பச்சிளங்குழந்தை இறப்பை 31 விழுக்காடு குறைத்ததாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அத்தகைய உழைப்பை ‘தன்னார்வம்’ என்று பெயரிட்டு, ஊதியத்திற்குப் பதில் ஊக்கத்தொகை கொடுப்பது அநீதி.

‘திட்டம் இருக்கிறது’ என்று அதிகாரி சொல்லும்போது நாம் அமைதியாகிவிடக் கூடாது. எங்கள் தெருவில் கடைசியாகக் கூட்டம் நடந்த நாள் எது என்று கேட்போம்.